எழுபத்திரண்டு மணி நேர இருட்டு

இரண்டு பத்து. நான்கு மணிக்குத்தான் திறக்க வேண்டும், எழுபத்திரண்டு மணி நேரம் என்றால் எழுபத்திரண்டுதான், எழுபது இல்லை, நானே போட்ட சட்டத்தை நானே மீறிவிட்டு அப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அம்மாவோடு சண்டை போடுவது, அதனால்தான் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒரு ஜமுக்காளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இந்த மத்தியான வெயிலில் ஈரோட்டில் வேறு யாராவது ஜமுக்காளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்களா, சிவப்பில் ஒரு பட்டை, பச்சையில் ஒரு பட்டை, ஓரத்தில் ஒரு நூல் பிரிந்து தொங்குகிறது, உச்சியில் அம்மா வைத்த அருகம்புல் வாடிச் சுருண்டு கிடக்கிறது. கிரகணத்தன்றைக்குத் தண்ணீர்க் குடத்தின் மேல் போடுவாளே, அதேபோல. இந்த ஜமுக்காளத்தைப் போட்டு நான் மீன் தொட்டியை மூடிய அன்றைக்கே, "வயித்துப் புள்ளக்காரி படுத்திருக்கற ரூம்புல கெரகணம் புடிச்சாப்ல இதென்ன புள்ள கூத்து" என்று கத்திவிட்டு, கொல்லையில் போய் ஒரு கொத்துப் பறித்துக்கொண்டு வந்து வைத்தாள். நான் அதை எடுத்து எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. ஏன் எறியவில்லை என்று யாராவது கேட்டால் பதில் வைத்திருக்கிறேன், என்னிடம் எதற்கும் பதில் இருக்கும், ஆனால் யாரும் கேட்கவில்லை. ஜமுக்காளத்துக்குள்ளிருந்து காற்று மோட்டார் புளுபுளு என்று தண்ணீருக்குள் ஊதிக்கொண்டிருக்கிறது. எனக்குப் பின்னால் கட்டிலில் நங்கை தூங்குகிறது. எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை நங்கை என்றுதான் கூப்பிடுவோம், பெயர் லோகேஸ்வரி, அம்மாவுக்கு லோகு. கட்டிலின் கால்மாட்டுக்கு அடியில் இரண்டிரண்டு செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறது, தலை தாழ, கால் மேலே, இடப்பக்கமாக ஒருக்களித்து, இப்படியே மூன்று மாதமாக. குளியலறைக்குப் போக மட்டும் எழுந்திருக்கலாம். கர்ப்பப்பை வாயில் தையல் போட்டிருக்கிறார்கள். இருபத்தேழாவது வாரம். இதற்கு முன்னால் ஒன்று நாலாம் மாதத்தில் போனது, ஒன்று ஆறாம் மாதத்தில். மூச்சு வருகிறது, போகிறது, நான் திரும்பிப் பார்க்கவில்லை, காதாலேயே எண்ணுகிறேன், மோட்டார் சத்தத்துக்கு நடுவில் நங்கையின் மூச்சைப் பிரித்தெடுப்பது எனக்கு இப்போது பழகிவிட்டது.

இந்தத் தொட்டியே என் யோசனைதான், அதை ஒத்துக்கொள்கிறேன். பல்கலைக்கழகத்தில் தாவரவியல் முதுகலை முதல் வருடம் முடித்துவிட்டு லீவுக்கு வந்தால் நங்கை சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறது, ஃபோன் பார்த்தால் தலை சுற்றுகிறதாம், டி.வி. கூடத்தில் இருக்கிறது, சுவரில் ஒரு பல்லி, அந்தப் பல்லிக்கு ஒரு பெயர்கூட வைத்துவிட்டது. மனுஷியை ஜெயிலில் போட்டால்கூட ஜன்னல் இருக்கும் என்று அண்ணனிடம் ஒரு மணி நேரம் வாதாடினேன், அவன் பவர்லூம் பட்டறைக்குப் போகிற அவசரத்தில் "சரி தாயி, என்னமோ வாங்கித் தொலை" என்றான். இரண்டடிக் கண்ணாடித் தொட்டி, கறுப்பு மண், நாலு கல், செடிகள், மேலே ஒரு விளக்கு. மீன் இப்போதைக்குக் கிடையாது, செடி ஊன்றித் தண்ணீர் தெளிந்த பிறகுதான் விடவேண்டும் என்று கடைக்காரர் ரபீக் பாய் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "மீனே இல்லாத மீன் தொட்டியா? வீட்டுக்கு வர்ற ஒறம்பரை சனம் கேட்டா நான் என்னன்னு சொல்றது?" என்று அம்மா முதல் நாளே ஆரம்பித்தாள். ஆனால் நங்கைக்குப் பிடித்துப்போனது. வாள் மாதிரி இலை விடுகிற அந்தப் பெரிய செடியில் எத்தனை இலை என்று அதற்குத் தெரியும், மூன்றாவது இலையின் விளிம்பில் ஒரு சின்ன வெட்டு இருப்பது தெரியும், புது இலை சுருட்டாக வெளியே வந்த அன்றைக்கு என்னைச் சாப்பாட்டிலிருந்து எழுப்பிக் கூப்பிட்டுக் காட்டியது. அன்றைக்குத்தான் அதைச் சொன்னது. மெதுவாக, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, "இந்தச் செடி நின்னுருச்சுன்னா இதுவும் நின்னுரும் அம்மிணி." கை வயிற்றின்மேல் இருந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. அதெப்படி, இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம், நீங்க பி.காம். படிச்சவங்க, செடிக்குத் தேவை ஒளியும் கரியமிலவாயுவும், அது வாழ்றதும் சாவறதும் அதோட கணக்கு, குழந்தையோட கணக்கு வேற, இப்படி முடிச்சுப் போட்டுட்டு நாளைக்கு ஒரு இலை பழுத்தா நீங்க என்ன செய்வீங்க, என்று மூச்சு விடாமல் பேசினேன். நங்கை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரி, சரி, தெரியாம சொல்லிட்டேன், போய்ச் சாப்புடு" என்றது. நான் ஜெயித்தேன். போய்ச் சாப்பிட்டேன். ரசம் சோறு தொண்டையில் இறங்கும்போதே தெரிந்துவிட்டது, அந்த முடிச்சு இப்போது என் கையில் இருக்கிறது.

அப்புறம் பாசி வந்தது. முதலில் கண்ணாடியில் காப்பிக் கறை மாதிரி ஒரு படலம், துடைத்தேன், மறுநாள் திரும்ப. பிறகு கல்லின்மேல் பச்சை முடி, இழை இழையாக, பார்க்க அழகாகக்கூட இருந்தது. பிறகு ஒருநாள் தண்ணீரே பச்சையாகிவிட்டது, மெல்ல இல்லை, ஒரே நாளில், கீரை அலசிய தண்ணீர் மாதிரி, பின்பக்கத்துச் செடி தெரியவில்லை, அதற்கடுத்த நாள் முன்பக்கத்துச் செடியும் தெரியவில்லை. ஒன்றுவிட்ட நாள் பாதித் தண்ணீர் மாற்றினேன், உரத்தை நிறுத்தினேன், பல் தேய்க்கும் பிரஷ் வைத்துக் கல்லைத் தேய்த்தேன், அது சிரித்துக்கொண்டே வளர்ந்தது. நங்கை ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்குத் தாங்கவில்லை. பாய் கடைக்குப் போய், நீங்க குடுத்த மண்ணுல கோளாறு, என்று தொடங்கினேன். பாய் கையில் வலையோடு நிதானமாகத் திரும்பி, "பாப்பா, லைட்டு எத்தன மணி நேரம் எரியுது?" என்றார். ஆறு, டைமர் போட்டிருக்கேன், டாண்ணு ஆறு. "ஆறு மணி நேரத்துக்கு இந்தப் பச்ச வராது." பாய், நான் பாட்டனி படிக்கிறேன். "சரிதான், பாசி பாட்டனி படிக்கலியே பாப்பா." கடையில் நின்றிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள், எனக்குக் காது சூடாகிவிட்டது, அரை மணி நேரம் விடாமல் பேசி அவரை உட்கார வைத்துவிட்டு வந்தேன். வரும்போது பின்னாலிருந்து, "எதுக்கும் மூணு நாளு வெளிச்சமே படாம மூடிப் பாரு" என்றார். மறுநாள் விடிகாலை தண்ணீர் குடிக்க எழுந்தால் நங்கை அறையில் வெளிச்சம். நாலே முக்கால். அம்மா குளித்து, நெற்றி நிறைய விபூதியோடு சாமி விளக்கை ஏற்றிவிட்டு, தொட்டி விளக்கையும் போட்டுவிட்டு நிற்கிறாள், என் டைமர் கழற்றி அலமாரியில், வயர் நேராகச் சுவரில். எத்தனை நாளாக? "மொத நாள்லிருந்துதான். அவ கண்ணு முழிக்கறப்ப இருட்டுலயா முழிக்கோணும்?" அணைப்பது? "எல்லாரும் படுக்கறப்ப, பத்தேகாலுக்கு. வெளக்கு வெக்கற நேரத்துல எரியற வெளக்கப் போயி அணைப்பாங்களா யாராவது?" பதினேழரை மணி நேரம். ஒரு நாளைக்குப் பதினேழரை மணி நேரம் பாசிக்கு விருந்து. டைமர் இருக்கிறது என்ற தைரியத்தில் அது எரிகிற நேரத்தை நான் ஒருநாளும் பார்த்ததே இல்லை. அம்மா, செடிக்கு ராத்திரி வேணும், என்று கத்தினேன். அம்மா தாழ்ந்த குரலில், "நீ படிச்சது செடிக்கு. நான் பண்றது அவளுக்கு" என்றாள், விடிகாலை நாலே முக்காலுக்கு, விபூதி வாசனையில். அன்றைக்கு மாலை நான்கு மணிக்கு அட்டையும் ஜமுக்காளமும் போட்டு மூடினேன்.

மூன்று பத்து. இல்லை, இரண்டு ஐம்பத்தைந்து. கடிகாரம் நகர்கிறதா என்றே சந்தேகமாக இருக்கிறது. உள்ளே என்ன நடந்துகொண்டிருக்கும். பச்சைத் தண்ணீரில் மிதக்கிறவை ஒற்றைச் செல் உயிர்கள், ஒரு சொட்டில் எத்தனை லட்சம், ஒவ்வொன்றும் இருட்டில் தன்னிடம் இருப்பதைத் தின்று தீர்த்து, தீர்ந்ததும் மெல்ல இறங்கி அடியில் படியும். சத்தமே இல்லாமல் இத்தனை சாவு இந்த இரண்டடிக்குள். பாசியை உற்றுப் பார்த்திருக்கிறேன். இளங்கலையில் முதல் ஆய்வக வகுப்பு, கிணற்று நீர் ஒரு சொட்டு, நுண்ணோக்கியில் கண்ணை வைத்துத் திருகியதும் மங்கலிலிருந்து ஒரு பச்சைக் கயிறு, கண்ணாடிக் குழலுக்குள் யாரோ நாடாவைச் சுருள் சுருளாகச் சுற்றி வைத்த மாதிரி, அவ்வளவு ஒழுங்கு, அவ்வளவு நிதானம், யாரும் பார்க்காத ஒரு கிணற்றில் எதற்கு இவ்வளவு அழகு என்று கண்ணை எடுக்காமலே நின்றேன், பின்னால் வரிசையில் நின்றவர்கள் முதுகில் குத்தினார்கள். இந்த உலகத்தில் மூச்சு விட ஒன்றுமில்லாத காலத்தில், பாறையும் கடலும் மட்டும் இருந்த காலத்தில், இவற்றின் முன்னோர்தான் கோடி கோடி வருடம் குமிழி குமிழியாகக் காற்றைச் செய்து வைத்தன, எனக்காக இல்லை, யாருக்காகவும் இல்லை, இதோ நான் இழுக்கிற இந்த மூச்சு, நங்கை இழுக்கிற மூச்சு, அதனிடமிருந்து தொப்புள்கொடி வழியாக உள்ளே போகிற மூச்சு. இதை நினைத்தால் மயிர்க்கால் நிற்கிறது. இதையா நான் பல் பிரஷ் வைத்துத் தேய்த்தேன். ஆனால், ஆனால், இங்கேதான் எனக்குக் கோபம் முட்டுகிறது, இதை யாரும் விதைக்கவில்லை. யாரும் வேண்டிக்கொள்ளவில்லை. எங்கிருந்தோ ஒரு தூசியில் ஒட்டி வந்தது, ஒரு கல்லைப் பிடித்தது, போ போ என்று தேய்க்கத் தேய்க்க லட்சம் லட்சமாகப் பெருகுகிறது. பொத்திப் பொத்தி வைத்து, செங்கல் வைத்து, தையல் போட்டு, இரண்டு பக்கத்துக் குலதெய்வத்துக்கும் நேர்ந்துகொண்டு கேட்கிற ஒன்றே ஒன்று, அது நிற்கமாட்டேன் என்கிறது. இதில் என்ன நியாயம். யாரிடம் கேட்பது. கேட்டேனே ஒருநாள். ஆறாம் மாதத்தில் போன அன்றைக்கு, அந்த ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், இரண்டு மணி நேரம் எங்களை உட்கார வைத்த பணி மருத்துவரை நிறுத்தி, யார் பொறுப்பு, எழுதிக் கொடுங்கள், எத்தனை மணிக்கு வலி என்று சொன்னோம், எத்தனை மணிக்கு வந்தீர்கள், என்று குரலை உயர்த்தி ஒவ்வொன்றாகக் கேட்டு அவரைத் திக்கவைத்து, கடைசியில் அவர் மன்னிப்புக் கேட்டார், சுற்றி நின்றவர்கள் என்னைப் பெருமையாகப் பார்த்தார்கள், எனக்கும் பெருமையாக இருந்தது, ஒரு நிமிடம். நங்கை கதவுக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தது. ஒரு பலகைக் கதவு. மறுநாள் தலையை வாரிவிடும்போது, "உன்ற சத்தம் கேட்டுது" என்றது. அவ்வளவுதான். நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்லவில்லை. ஒரு மணி நேரம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருக்க எனக்குத் தெரியாது. உன்ற சத்தம் கேட்டுது. சீப்பு சிக்கில் மாட்டுகிற மாதிரி அந்த மூன்று சொல்லில் வந்து வந்து மாட்டிக்கொள்கிறேன்.

மூன்று இருபது. செத்திருந்தால்? நேற்றிலிருந்து இது ஒன்றுதான். பாசி சாகிற இருட்டில் செடியும் சாகலாம், நட்டு ஒரு மாதம்கூட ஆகாத செடி, வேர் சரியாக இறங்கியிருக்காது, அழுகிக் குழைந்து கிடக்கும், ஜமுக்காளத்தை நான் எடுப்பேன், நங்கை தலையைத் தூக்கிப் பார்க்கும், இந்தச் செடி நின்னுருச்சுன்னா. எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. கிடையவே கிடையாது. நம்பிக்கை இல்லாதவள் இன்று காலை ஒன்பது மணிக்கு எதற்காக பாய் கடை ஷட்டர் திறக்கிறவரை வாசலில் நின்றாள் என்று கேட்டால், சரி, இதையும் ஒத்துக்கொள்கிறேன், அதே செடிகள், அதே உயரத்தில், ஒவ்வொரு வகையிலும் ஒன்று, ஈரப் பேப்பரில் சுருட்டி வாங்கி வந்து குளியலறையில் கவிழ்த்த வாளிக்கு அடியில் வைத்திருக்கிறேன். பதினேழரை மணி நேரக் கதையைப் பாயிடம் சொல்ல வேண்டியிருந்தது, அவர் கல்லாவில் தலையை வைத்துச் சிரித்தார், "உங்கம்மாவக் கும்புடறேன்னு சொல்லு" என்றார். அப்புறம் வீட்டுக்கு வந்து, கதவைத் தாழ் போட்டு, புது வாள் செடியின் மூன்றாவது இலையை எடுத்து, நகவெட்டியால் விளிம்பில் ஒரு வெட்டு. அளந்து. பழைய இலையில் இருந்த அதே இடத்தில். இதுவரை எந்தத் தேர்விலும் பக்கத்தில் பார்த்து எழுதாதவள், மூட நம்பிக்கை என்று ஒரு மேடை விடாமல் முழங்கிக் கோப்பை வாங்கியவள், ஒரு இலைக்குப் போலிக் கையெழுத்துப் போடுகிறேன். நங்கை இப்போது தூங்குகிறது. இப்போதே ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் என்ன, நாற்பது நிமிடத்தில் பாசி ஒன்றும் திரும்பி வந்துவிடாது, செத்திருந்தால் பிடுங்கிவிட்டுப் புதியதை ஊன்றிவிடலாம், கலங்கினாலும் படிந்துவிடும், யாருக்கும் தெரியாது, எனக்கு மட்டும் தெரியும், வாழ்நாள் முழுக்க எனக்கு மட்டும். எழுந்தேன். எழுந்தது எனக்கே தெரியவில்லை, தொங்குகிற நூல் விரலில் இருக்கிறது.

"அம்மிணி."

கையை எடுத்துவிட்டேன். நங்கை கண்ணைத் திறக்காமலே பேசியது. "நாலு ஆயிருச்சா?"

இல்லீங் நங்கை, இன்னும் அரை மணி நேரம் இருக்குது, நீங்க தூங்குங்க.

"நாலு மணி, மூணு நாளுன்னு எங்களையெல்லாம் மெரட்டி வெச்சுட்டு நீயே தூக்கறியா?" இப்போது கண் திறந்திருந்தது, ஓரத்தில் சிரிப்பு. "வாளிக்கு அடியில செடிய வெச்சிருக்கறயே, வேற எடமே கெடைக்கலியா உனக்கு?"

எந்த வாளி.

"அடியே. மூணு மாசமா நான் நடந்து போற ஒரே ஊரு அந்த பாத்ரூமு. அங்க போயி ஒளிச்சு வெச்சிருக்கறே." தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டது, தோள் குலுங்கியது. "சிரிக்க வெக்காத புள்ள, தையலு. அந்த எலையில வெட்டு வேற. எதுல வெட்டுன, கத்திரியா?"

நகவெட்டி, என்றேன்.

அது சிரித்து முடிக்கிறவரை நின்றேன், குற்றவாளிக் கூண்டில் நிற்கிற மாதிரி. பிறகு நங்கை மூச்சை வாங்கிக்கொண்டு சாதாரணக் குரலில் சொன்னது. "நேத்து நீ குளிக்கப் போனப்ப கட்டில்லிருந்தே எட்டி ஓரத்தத் தூக்கி ஃபோன் லைட்டடிச்சுப் பாத்தேன். பின்னால அந்த நூலு நூலா இருந்த செடி மூணும் அழுகிருச்சு. கொழகொழன்னு."

நேற்றே. நேற்றிலிருந்து தெரிந்துகொண்டு படுத்திருக்கிறது. நங்கை, அது ஏன்னா, மெல்லிசான இலைக்கு, அதுக்கும் இதுக்கும் எந்த, என்று தொடங்கினேன்.

"சித்தெ சும்மா இரு." என் கையை எட்டிப் பிடித்து இழுத்து வயிற்றின் பக்கத்தில் கட்டிலில் உட்கார வைத்தது. "செடி அழுகிருச்சு. அவ்வளவுதான். அன்னிக்கு ஏதோ வாய்க்கு வந்ததச் சொன்னேன். அன்னிக்கு ராத்திரியே நெனச்சேன், எம்புள்ளைக்கு எதுக்கு ஒரு செடி வந்து ஜாமீன் நிக்கோணும்? அது நின்னா அதுக்காக நிக்கட்டும். இது நின்னா இதுக்காக நிக்கட்டும். நான் அத அப்பவே விட்டுட்டேன். நீதான் அதத் தூக்கிச் சொமந்துட்டுத் திரியறே."

நான் அத்தனை வார்த்தை கொட்டி வாதாடி வாங்காத ஒன்றை இந்த மனுஷி அன்றைக்கு இரவே, யாரிடமும் சொல்லாமல், படுத்தபடியே செய்து முடித்திருக்கிறது. இரண்டு முறை எல்லாம் போன உடம்பு. அந்த உடம்பிலிருந்து பயத்தை ஒரு இலையில் கட்டித் தொங்கவிடாமல், கையிலேயே வைத்துக்கொண்டு, மூன்று மாதமாகத் தலைகீழாக. எனக்கு அதன் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது, பெரிய மலையடிவாரத்தில் நிற்கும்போது வருமே, அந்தக் கூச்சம். பயமில்லையா நங்கை, என்றேன். "பயமில்லாமயா? இந்நேரம் வரைக்கும் இருக்குது. அது இருந்துட்டுப் போகுது." விரல் என் மணிக்கட்டைத் தட்டியது. "தொற. நாலெல்லாம் வேண்டாம், உன்ற சட்டத்துல அரை மணி நேரம் தள்ளுபடி."

திறந்தேன். முதலில் தொட்டியில் தண்ணீரே இல்லை என்று நினைத்தேன். நிஜமாகவே கையை நீட்டிவிட்டேன், விரல் நனைந்ததும்தான் தண்ணீர் என்று தெரிந்தது, அப்படி ஒரு தெளிவு, பின்கண்ணாடிக்குப் பின்னால் சுவரில் சுண்ணாம்பு வெடிப்பு தெரிகிறது, காற்றை வெட்டி வைத்த மாதிரி. பின்னால் மூன்று செடி கரைந்துபோயிருந்தது. நாடாச் செடி வெளிறி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. வாள் செடியில் இரண்டு இலை மஞ்சள், மற்றவை பச்சை. ரப்பர்க் குழாய் போட்டுப் பாதித் தண்ணீரை இறக்கி, அழுகியதைக் கிள்ளியெடுத்து, பிடித்துவைத்திருந்த தண்ணீரை நிரப்பினேன், அதற்கு அரை மணி நேரம் ஆயிற்று, நங்கை ஒவ்வொன்றுக்கும் மேஸ்திரி மாதிரி குறை சொல்லிக்கொண்டிருந்தது. கல்லில் மட்டும் அந்தப் பச்சை முடி அப்படியே இருந்தது. இருட்டு அதை ஒன்றும் செய்யவில்லை. பிரஷ்ஷை எடுத்துக்கொண்டேன். மோட்டாரை நிறுத்தி விளக்கைப் போட்டேன், அறையில் திடீரென்று எவ்வளவு அமைதி, விசிறி மட்டும். முழங்கையை விளிம்பில் ஊன்றிக் கையை இறக்கப் போனவள் நின்றுவிட்டேன்.

அந்தப் பச்சை முடியின் ஒரு நுனியில் ஒரு வெள்ளிப் புள்ளி. முதலில் மண் என்று நினைத்தேன். அது பெருத்தது. ஊசிக்கண் அளவு, கடுகளவு, நடுங்கியது, பிடி விட்டது, நேராக மேலே போயிற்று. அந்த இடத்திலேயே அடுத்தது. பக்கத்து இழையில் ஒன்று. பிறகு கல் முழுக்க, ஒவ்வொரு இழையின் நுனியிலும், நான் தேய்த்துக் கொல்லப் பார்த்ததன் ஒவ்வொரு நுனியிலும், மூன்று நாள் பட்டினி கிடந்த அதுதான் செடிகளுக்கெல்லாம் முன்னால், மணி மணியாகக் காற்றைச் செய்து செய்து மேலே அனுப்புகிறது. நான் படித்த சமன்பாடு எல்லாம் எங்கோ போய்விட்டது. நங்கை முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கியிருந்தது, தூக்கக் கூடாது, நான் ஒன்றும் சொல்லவில்லை.

"மூச்சு விடுதா அது?"

ஆமாங் நங்கை.

என் கையிலிருந்து தண்ணீர் சொட்டித் தரை நனைந்தது.

"அத இப்ப வழிச்சுருவியா?"

"நாளைக்கு," என்றேன்.